பிறந்த குழந்தைக்கு தைராய்டு… எவ்வளவு இருந்தால் நார்மல்?

"சமத்துப் பிள்ளை… பாலைக் குடிச்சதும் தூங்கிடும், அழறதே இல்லை!" என்று பூரிக்கும் வீடுகள் உண்டு. பெரும்பாலும் அது உண்மையான சமத்துதான். அபூர்வமாக, தைராய்டு சுரக்காததாலும் குழந்தை அப்படி இருக்கலாம்.

ஐ.சி.எம்.ஆர் 5 நகரங்களில் 1 லட்சத்துக்கும் அதிகமான பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தது. 1,172 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவியிலேயே தைராய்டு குறைபாடு இருந்தது. தென்னிந்தியாவில் அது 727-ல் ஒன்று. தாயிடமிருந்து வந்த ஹார்மோன் ஆரம்பத்தில் காப்பாற்றுவதால், பிறந்ததும் எதுவும் தெரியாது. நீளும் மஞ்சள்காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை என வெளியே தெரிவதற்குள் மூளை வளர்ச்சிக்கான முக்கிய வாரங்கள் போய்விடும். அதனால்தான் பரிசோதனை அவசியம்.

குழப்பும் எண்கள்

பல ரிப்போர்ட்களில் பெரியவர்களுக்கான அளவுதான் அச்சாகியிருக்கும். டி.எஸ்.ஹெச் சுமார் 0.4 முதல் 4 வரை. குழந்தையின் கணக்கே வேறு.

* பிறந்த அரை மணி நேரத்தில் டி.எஸ்.ஹெச் 60-80 வரை எகிறும். இது இயல்பு. ஒரு நாளில் 20 அளவுக்கு இறங்கும்.
* அதனால் குதிகால் ரத்தத்தை 48 மணி நேரம் கழித்து எடுப்பதே நல்லது. 20-ஐத் தாண்டினால் மறுபரிசோதனை, 40-ஐத் தாண்டினால் உடனடி கவனிப்பு.
* மூன்று வாரங்களுக்குப் பிறகும் 10-க்கு மேலேயே நின்றால், சிகிச்சை பற்றி டாக்டர் முடிவெடுப்பார்.
* டி4 நேர்மாறு. 7 என்பது பெரியவர்களுக்கு நார்மல். டி.எஸ்.ஹெச் எகிறிய இரண்டு வாரக் குழந்தைக்கு அது குறைவு.

ஆரோக்கியமான குழந்தைகளை வயதுவாரியாகப் பரிசோதித்து, நடுவில் வரும் 95 சதவிகிதத்தினரின் அளவையே 'நார்மல்' என்கிறார்கள். லேப் கருவியைப் பொறுத்து இது சற்று மாறும். 'இந்த வயதுக்கு எவ்வளவு?' என்று கேட்டு வாங்குங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு

மழை அரித்த மலை மண்ணில் அயோடின் குறைவாக இருப்பது உலகெங்கும் காணப்படுவது. பழநி மலைக் குடும்பங்களும் கர்ப்ப காலத்திலிருந்தே அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துவது நல்லது. இந்துப்பு அதற்கு ஈடாகாது.

பூம்பாறைக்கோ மன்னவனூருக்கோ திரும்பிய பிறகு, மறுபரிசோதனைக்குக் கைக்குழந்தையோடு மீண்டும் கொண்டை ஊசி வளைவுகளில் வருவது சிரமம். 48 மணி நேரத்துக்கு முன்பே டிஸ்சார்ஜ் என்றால், பிரசவத்தின்போதே தொப்புள்கொடி ரத்தத்தில் பரிசோதிக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். எப்போதும் எடுக்கும் செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். குறைமாதம், எடை குறைவு, இரட்டைக் குழந்தை என்றால் 2-4 வாரங்களில் இன்னொரு பரிசோதனை தேவை.

குறைபாடு உறுதியானால் சிகிச்சை எளிது. தினமும் ஒரு வேளை தைராக்சின் மாத்திரையைப் பொடித்து, தாய்ப்பாலில் கலந்து கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால், குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளர்ந்து படிக்கும். 'சரியாகிவிட்டது' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திப் பார்க்கலாமா என்பதை 3 வயதில் டாக்டர் சொல்வார்.