ஏழு நாள் கணக்கும் எங்க வீட்டு ஜாடியும்

மக்களே, சவர்டோ ஸ்டார்ட்டர் வளர்க்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. "ஏழே நாளில் ரெடி"ன்னு எந்தக் குறிப்பு சொன்னாலும் நம்பாதீங்க. அதை நம்பி ரெண்டு ஜாடி மாவைக் குப்பையில கொட்டினவன் சொல்றேன்.

கோதுமை மாவு 50 கிராம், தண்ணி 50 கிராம் கலந்து கண்ணாடி ஜாடியில வச்சேன். ரெண்டாம் நாளே பொங்கி மேல வந்துடுச்சு. சென்னை மே மாச வெயிலா கொக்கான்னு தங்கமணிகிட்ட பீத்திக்கிட்டேன். நாலாம் நாள் ஒரு குமிழி இல்ல. கூடவே அழுக்கு சாக்ஸ் நாத்தம். செத்துப்போச்சுன்னு கொட்டிட்டேன். அடுத்த தடவையும் அச்சு அசலா அதே கதை.

அப்புறம் படிச்சுப் பார்த்தாத்தான் விஷயம் புரிஞ்சது. முதல்ல பொங்குறது ஈஸ்டே இல்லையாம். மாவுலயே இருக்கிற லூகோநாஸ்டாக் மாதிரி பாக்டீரியாக்கள் விடுற வாயு. அட, நம்ம இட்லி மாவைப் பொங்க வைக்கிற அதே ஆசாமி! இட்லிக்கு அவர் போதும், ராத்திரி அரைச்சா காலையில ஊத்திடலாம். ரொட்டிக்கு அப்படி இல்ல. புளிப்பு ஏற ஏற இவங்க அடங்கிடுவாங்க. புளிப்பைத் தாங்குற லேக்டோபேசில்லஸ் வகையறாவும் காட்டு ஈஸ்டும் அப்புறம் மெதுவாத்தான் தலையெடுக்கும். அந்த இடைவெளியில ஜாடி செத்த மாதிரிதான் கிடக்கும். ஆக, ஒழுங்கா வளர்ந்துக்கிட்டு இருந்ததைத்தான் நான் ரெண்டு தடவை கொட்டியிருக்கேன். குறிப்பு எழுதினவங்க இதை ஒரு வரி சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?

இன்னொரு கடுப்பு, இந்த "தினமும் மூணுல ரெண்டு பங்கைத் தூக்கிப் போடு" சமாச்சாரம். அம்மா ரேஷன் வரிசையில நின்னு கோதுமை வாங்கின ஆளு. தினம் 100 கிராம் மாவுக்கூழ் வீணாப் போறதைப் பார்த்து ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. நியாயம்தானே? கழிக்காம விட்டா மாவு பெருகிக்கிட்டே போகும், சரி. ஆனா 50 கிராம்லதான் ஆரம்பிக்கணும்னு எந்தச் சட்டம்? மூணாவது தடவை பழையது, மாவு, தண்ணி மூணும் 10 கிராம்தான். கழிச்சது 20 கிராம். முதல் வாரக் கழிவை மட்டும் வாயில வைக்காதீங்க, கண்ட பாக்டீரியாவும் இருக்கும். ஸ்டார்ட்டர் நிலைச்சப்புறம் கழியறதை அரிசிமாவு, வெங்காயம் சேர்த்து தோசையா ஊத்திடலாம். அம்மாவே ஊத்தினாங்க.

நாள் கணக்கை விட்டுட்டு ஜாடியில ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிப் பாருங்க. மாவு போட்ட 4-5 மணி நேரத்துல ரெட்டிப்பாகி, அது மூணு நாள் விடாம நடந்தா ரெடி. எனக்கு 12 நாள் ஆச்சு. குளிர் ஊர்க்காரங்களுக்கு இன்னும் கூட ஆகலாம்.

முதல் ரொட்டி அரைச் செங்கல் உயரம். "வாசனை நல்லாத்தான் இருக்கு, ஏன்டா இவ்ளோ கெட்டி?"ன்னாங்க அம்மா. ஆனா ரெண்டாவது துண்டும் எடுத்தாங்க.

டிஸ்கி: ஸ்டார்ட்டருக்குப் பேர் வைக்கிறது வழக்கமாம். தங்கமணி "மாப்பிள்ளை"ன்னு வச்சிருக்காங்க. நேரத்துக்குச் சாப்பாடு வரலைன்னா மூஞ்சி சுருங்கிடுதாம் :-)