பெட்டிக்குள் போகாத பேட்டரி

போன சனிக்கிழமை மெர்கோங்கில் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தாமானில் வசிக்கும் தங்கை ஒருத்தி எதிரில் வந்து அமர்ந்தாள். பல்கலைக்கழகத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் போலவே இல்லை, முகம் அப்படி வாடியிருந்தது.

“அக்கா, லெக்சரரைப் பார்த்து வேற குழுவுக்கு மாத்தச் சொல்லிக் கேக்கப் போறேன். என்னால முடியல.”

விஷயம் இதுதான். மாணவர்களுக்கான ஒரு வடிவமைப்புப் போட்டி. நெல்வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று விவசாயியின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவியைச் செய்ய வேண்டும். குழுவில் நான்கு பேர். இவள் கெடா, மற்ற மூவரும் கிளந்தான், ஈப்போ, சபா. அதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. இவள் பெட்டியை வடிவமைத்துவிட்டாள். பேட்டரிக்குப் பொறுப்பான பையன் வாங்கி வந்தது அந்தப் பெட்டிக்குள் போகவில்லை.

“கொஞ்சம்கூட அக்கறை இல்லாத ஆளுக்கா அவன்.”

“பெட்டியோட உள் அளவு என்னன்னு அவன்கிட்ட சொன்னியாம்மா?”

பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஊடகவியல் படித்த காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். குறும்படப் போட்டிக்காக ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்தோம். ஒலிப்பதிவு என் பொறுப்பு. தனிக் கருவியில் சுத்தமாகப் பதிவு செய்தேன். ஆனால், ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் கேமரா முன்னால் ஒருமுறை கைதட்டிக் குறி வைக்கவில்லை. எந்த ஒலி எந்தக் காட்சிக்கு உரியது என்று எழுதியும் வைக்கவில்லை. படத்தொகுப்பு செய்த நண்பர் இரவு முழுக்க உதட்டசைவோடு குரலைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் அனுப்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ‘அவர் மெதுவாக வேலை செய்தார், அதனால்தான் போச்சு’ என்று பல காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வானொலிக்கு வந்து, அடுத்தவர் கொடுக்கும் பதிவை வைத்து நிகழ்ச்சி செய்யும் நிலை வந்த பிறகுதான் என் தவறு எனக்கே புரிந்தது.

மாணவர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1998 டிசம்பரில் அமெரிக்காவின் நாசா, செவ்வாய்க் கிரகத்தின் பருவநிலையை ஆராய ஒரு விண்கலத்தை அனுப்பியது. 1999 செப்டம்பர் 23 அன்று, செவ்வாயைச் சுற்றத் தொடங்க வேண்டிய நேரத்தில், அது தொலைந்து போனது. கலத்தைத் தயாரித்த நிறுவனத்தின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கை பவுண்டு அளவில் கொடுத்தது. நாசாவின் வழிகாட்டும் குழு அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன். செவ்வாய்க்கு மேலே சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலம், சுமார் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது.

அவரவர் அலகில் பார்த்தால் இரு தரப்பின் கணக்கும் சரிதான். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிய இடத்தில்தான் பிழை. விசாரணைக் குழு இன்னொன்றையும் குறிப்பிட்டது. வழிகாட்டும் குழுவுக்கு அந்தக் கலத்தோடு போதிய பழக்கம் இல்லை. குழுக்களுக்கு இடையில் பேச்சுவார்த்தையும் போதவில்லை. சிலருக்குச் சந்தேகம் எழுந்திருந்தும் அது உரிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

நம் பக்கத்தில் நன்றாக நடந்த கதையும் உண்டு. 2017இல் ‘கலாம்சாட்’ என்ற குட்டிச் செயற்கைக்கோளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். உலக அளவிலான மாணவர் வடிவமைப்புப் போட்டி ஒன்றில் தேர்வாகி, அந்த ஜூன் 22 அன்று நாசா ராக்கெட்டில் பறந்தது. எடை வெறும் 64 கிராம். செய்திகளில் கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக்கின் பெயரே பெரிதாக வந்தது. ஆனால், அவருடன் ஒரு குழுவே உழைத்திருந்தது.

அவர்களுக்குப் பின்னால் இருந்த சென்னையின் ‘ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா’ அமைப்பு, பிறகு இன்னும் பெரிய முயற்சியில் இறங்கியது. இந்தியா முழுவதும் 75 பள்ளிகள், 750 மாணவிகள். பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆளுக்கொரு மூலையில் இருந்து அவர்கள் செய்த சிறு கருவிகள் எல்லாம் சேர்ந்து ‘ஆசாதிசாட்’ என்ற ஒரே செயற்கைக்கோள் ஆயின. ஒவ்வொரு கருவியும் ஏறத்தாழ 50 கிராம். எடை இவ்வளவு, அளவு இவ்வளவு என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தால்தானே 75 கருவிகள் ஒரே கூட்டுக்குள் அடங்கும்?

2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து அது கிளம்பியது. ராக்கெட்டில் ஏற்பட்ட கோளாறால் சரியான சுற்றுப்பாதை கிடைக்கவில்லை. மாணவிகள் மேல் எந்தத் தவறும் இல்லாமலேயே அவர்கள் உழைப்பு வீணானது. அதோடு விட்டுவிடவில்லை. ‘ஆசாதிசாட்-2’ தயாராகி, 2023 பிப்ரவரி 10 அன்று சுற்றுப்பாதையை அடைந்தது.

தங்கையிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் ஒரு தாள் வாங்கிக் கொடுத்தேன். நான்கு பெயரையும் எழுதச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கேள்விகள்: நான் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும்? எனக்கு யாரிடமிருந்து என்ன வேண்டும்? எந்தத் தேதிக்குள்? அளவு எழுதினால் மில்லிமீட்டரா, அங்குலமா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் தனியாக ஒருவரிடம் புலம்பாமல் குழுவின் வாட்ஸ்அப்பிலேயே கேட்க வேண்டும். எல்லாம் முடியட்டும் என்று காத்திராமல், பாதி வேலையிலேயே பாகங்களை ஒருமுறை சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.

“அப்பவும் ஒருத்தர் வேலையே செய்யலன்னா?”

நியாயமான கேள்விதான். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அப்போது அந்தத் தாளோடு லெக்சரரைப் போய்ப் பார்க்கலாம். “அக்கறை இல்லாத ஆள்” என்று சொல்வதைவிட, “12ஆம் தேதி தர வேண்டியது இன்னும் வரவில்லை” என்று சொன்னால் யாரும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டுக்கு வந்து “என் குழு சரியில்லை” என்றால், உடனே “நீ ஒதுங்கிக்கோ” என்றோ “நீயே எல்லாத்தையும் செஞ்சிடு” என்றோ சொல்லிவிடாதீர்கள். “உனக்கு என்ன வேணும்னு அவங்ககிட்ட சொன்னியா?” என்று முதலில் கேளுங்கள்.

புதன்கிழமை இரவு தங்கை ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான்கு விதக் கையெழுத்தில் நிரம்பிய ஒரு தாள். கீழே ஒரு வரி: “பெட்டிய அஞ்சு மில்லிமீட்டர் பெருசாக்கிட்டேன் அக்கா. அதுதான் செலவு கம்மி. அவன்தான் கணக்குப் போட்டுச் சொன்னான்.”