ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுக்க அப்படி என்ன டி.வி.?



"பண்டிகை வந்தால் போதும், பெரிசு பெரிசாக டி.வி. வாங்கி வீட்டுக் காசைக் கரைக்கிறார்கள். டி.வி.யே இல்லாமல் இருந்தால்தான் என்ன?" என்று சமீபத்தில் ஒரு சகோதரி நம் பகுதியில் குமுறியிருந்தார். அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால், டி.வி.யே வேண்டாம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கணவர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, காய் நறுக்கவும் துணி மடிக்கவும் நமக்குத் துணை அதுதானே? டி.வி. வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல கேள்வி. எவ்வளவு விலைக்கு வேண்டும், அதை வீட்டில் யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி.

நாங்கள் இருப்பது ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி. சுற்றிலும் தொழிற்சாலைகள், பக்கத்தில் கர்நாடக எல்லை. இந்தப் பக்கம் ஆயுத பூஜையும் தீபாவளியும் போனஸை ஒட்டி வரும் பண்டிகைகள். சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். அந்தப் பணம் கைக்கு வருவதற்கு முன்பே, அதை எங்கே செலவழிக்கலாம் என்று விளம்பர நோட்டீஸ் வீட்டுக்கு வந்துவிடும்!

சென்ற ஆண்டு இன்னொரு ஆசையும் சேர்ந்து கொண்டது. 2025 செப்டம்பர் 22-ம் தேதி முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. "பத்து பர்சென்ட் குறைஞ்சிடுச்சு, இப்ப விட்டா கிடைக்காது" என்று எங்கள் தெருவில் ஒரே பேச்சு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வரி இல்லாமல் ஒரு லட்சம் என்றால் முன்பு 1,28,000 ரூபாய், இப்போது 1,18,000. பழைய விலையில் நூற்றுக்கு எட்டு ரூபாய்கூடக் குறையவில்லை. குறைந்த வரை லாபம்தான். ஆனால், பத்தாயிரம் மிச்சமாகிறது என்பதற்காகத் தேவையில்லாத லட்சத்தைச் செலவழிப்பது என்ன கணக்கு?

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. என் கணவரும் மகனும் ஷோரூமில் ஓ.எல்.இ.டி. டி.வி. ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார்கள். 55 இஞ்ச், விலை 1,39,000 ரூபாய். அதே கடையில் சாதாரண எல்.இ.டி. 50 இஞ்ச் 39,000 ரூபாய். வித்தியாசம் சரியாக ஒரு லட்சம்.

"அம்மா, அதுல கறுப்புன்னா நிஜமாவே கறுப்பும்மா. நீங்க பாத்தீங்கன்னா அசந்துடுவீங்க" என்றான் மகன். அவன் சொன்னது பொய்யில்லை. சாதாரண எல்.இ.டி. டி.வி.யில் திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்து கொண்டே இருக்கும். அதனால் இருட்டுக் காட்சியிலும் லேசான சாம்பல் நிறம் தெரியும். ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். இரவுக் காட்சி அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால், அந்த அழகு நன்றாகத் தெரிய அறை இருட்டாக இருக்க வேண்டும். நான் டி.வி. பார்ப்பதோ மத்தியானம், ஜன்னல் வெளிச்சம் ஹால் முழுக்க அடிக்கும் நேரத்தில். பளபளப்பான திரையில் எங்கள் வீட்டு ஜன்னல்தான் முதலில் தெரியும்!

நான் வேண்டாம் என்று சண்டை போடவில்லை. "பதினைந்து நாள் பொறுங்க. நம்ம வீட்டுல யார், எப்ப, என்ன பாக்குறோம்னு எழுதி வைக்கிறேன். அப்புறம் பேசலாம்" என்றேன். பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே எழுதி வைத்தேன்.

பதினைந்து நாளில் டி.வி. ஓடியது 62 மணி நேரம். அதில் கேபிளில் வரும் சீரியலும் செய்தியும் 47 மணி. பிள்ளைகள் பார்த்த பாட்டும் வேடிக்கை வீடியோவும் 9 மணி. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நல்ல தரத்தில் படம் பார்த்தது வெறும் 6 மணி. காரணம் சொல்லத் தேவையில்லை. என் கணவருக்கு ஒரு வாரம் ஏ ஷிப்ட், ஒரு வாரம் பி ஷிப்ட், ஒரு வாரம் நைட். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் அவர் தூங்குவதால், டி.வி. சத்தத்தைக் குறைத்து, எழுத்தைப் படித்துத்தான் நாங்கள் சீரியலே பார்ப்போம். தொழிற்சாலை ஊரில் நிறைய வீடுகளில் இதுதான் நிலைமை.

இனி கணக்கைப் பாருங்கள். ஒரு டி.வி. ஏழு வருஷம் உழைக்கிறது, தினமும் நாலு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 10,220 மணி நேரம். கூடுதலாகக் கொடுக்கும் ஒரு லட்சத்தை அதில் வகுத்தால் மணிக்குப் பத்து ரூபாய்கூட வராது. கடைக்காரர் சொல்வது இந்தக் கணக்கைத்தான். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால், அந்த லட்சத்தின் அருமை தெரிவது நல்ல தரமான படம் ஓடும்போது மட்டும்தானே? வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்றால் ஏழு வருஷத்துக்கு 1,092 மணி. இப்போது வகுத்தால் மணிக்கு 92 ரூபாய்!

மீதி நேரத்தில் என்ன ஆகிறது? நாம் பார்க்கும் சாதாரண கேபிள் சேனலின் படத்தில் 576 கோடுகள்தான். 4கே திரையில் இருப்பதோ 2,160 கோடுகள். இல்லாத கோடுகளை டி.வி. தானே ஊகித்து நிரப்பிக் கொள்கிறது. இட்லி மாவைத் தோசையாக இழுத்தால் மெலிசாகத்தானே ஆகும்? ஷோரூமில் ஓடுவது அதற்கென்றே எடுத்த வீடியோ: மயில், அருவி, பூ. அந்த மயில் நம் வீட்டுக்கு வராது, சகோதரிகளே. நம் வீட்டில் வரப்போவது மாமியார் - மருமகள் சீரியல்தான்.

தூரமும் முக்கியம். நல்ல பார்வை உள்ளவர்களுக்கே 55 இஞ்ச் திரையை ஏழு அடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்தால், ஃபுல் எச்.டி.க்கும் 4கே-க்கும் கோடுகளில் வித்தியாசம் தெரியாது. ஆறு கஜம் புடவை 18 அடி. பாதியாக மடித்தால் 9 அடி. அதை வைத்தே நாற்காலிக்கும் டி.வி. சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்த்துவிடலாம். எங்கள் வீட்டில் பாதிப் புடவைக்குக் கொஞ்சம் குறைவு, எட்டு அடி. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட என் அத்தை சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது: "எனக்குக் கறுப்பும் வேணாம், வெளுப்பும் வேணாம். எழுத்து பெருசாத் தெரிஞ்சா போதும்."

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். 2006-ம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு இலவசக் கலர் டி.வி. திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 இஞ்ச் டி.வி. கிடைத்தது. "இது வீண் செலவு" என்று பேசாதவர்கள் இல்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், இப்படிக் கொடுப்பதாக வாக்களிப்பது சட்டப்படி ஊழல் ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால், அதற்கு முன்பு பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, "நேரமாச்சு, கதவைச் சாத்தணும்" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு எழுந்து வந்த பெண்களுக்கு, அந்த 14 இஞ்ச் பெட்டி சொந்த வீட்டிலேயே ஓர் இடத்தைக் கொடுத்தது. பசித்த வயிற்றுக்கு முதல் கவளம் மாதிரி. வயிறு நிறைந்த பிறகு வரும் பத்தாவது கவளத்துக்கு அந்த ருசி கிடையாது. ஒன்றுமே இல்லாத வீட்டுக்கு வரும் முதல் டி.வி. தரும் சந்தோஷத்தை, இருக்கிற வீட்டுக்கு வரும் 1,39,000 ரூபாய் டி.வி. தராது என்பது என் அபிப்பிராயம்.

அப்படியென்றால் விலை உயர்ந்த டி.வி. யாருக்குமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். தினமும் ராத்திரி குடும்பத்தோடு உட்கார்ந்து படமோ கிரிக்கெட்டோ நல்ல தரத்தில் பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. ஐந்து பேராக தியேட்டருக்குப் போய் வரும் செலவைப் பார்த்தால் அவர்களுக்கு அது லாபமாகக்கூட இருக்கலாம். நடக்க முடியாத பெரியவர் இருந்து, அவருக்கு உலகமே அந்தத் திரைதான் என்றாலும் தாராளமாகச் செலவழிக்கலாம். ஆனால், 4கே படத்துக்கு வேகமான இன்டர்நெட்டும் அதற்கேற்ற சந்தாவும் மாதா மாதம் கட்ட வேண்டும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கொள்ளுங்கள். நாள் முழுக்கச் செய்தி சேனல் ஓடும் வீடு என்றால், ஒரே இடத்தில் நிற்கும் சேனல் முத்திரையும் கீழே ஓடும் பட்டையும் ஓ.எல்.இ.டி. திரையில் நாளடைவில் தடமாகப் பதியக்கூடும். அதற்கு வாரண்டி உண்டா என்று முதலிலேயே கேட்டுக் கொள்ள வேண்டும்.

உடைந்தால் என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குழந்தை விளையாட்டாக எறிந்த பொம்மை பட்டுத் திரை விரிசல் விட்டது. உடைந்ததற்கு வாரண்டி கிடையாது என்றார்கள். புதுத் திரைக்குச் சொன்ன தொகை கிட்டத்தட்ட புது டி.வி. விலை! விலை ஏற ஏற இந்தப் பயமும் ஏறும். வீட்டில் குழந்தை நிம்மதியாக ஓடியாடக்கூட முடியாது.

அடுத்தது தவணை. "வட்டியே இல்லை, மாசம் இவ்வளவுதான்" என்பார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று இருக்கவே முடியாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியை இழப்பது, ப்ராசசிங் கட்டணம் என்று ஏதாவது ஒரு பெயரில் அந்த வட்டி வந்து சேரும். ஆகவே, "இப்பவே முழுப் பணம் கொடுத்தா என்ன விலை?" என்று கேட்ட பிறகுதான் தவணை பற்றிப் பேச வேண்டும். முன்பெல்லாம் வரி வித்தியாசத்துக்காக அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூருக்குப் போய் வாங்குவோர் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே வரி. ரிப்பேர் என்றால் ஆள் வர வேண்டுமே, அதனால் நம் ஊரில் சர்வீஸ் உள்ள கடையிலேயே பேரம் பேசுவது நல்லது.

கரண்ட் கணக்கும் சின்ன விஷயமில்லை. 100 வாட் இழுக்கும் டி.வி. தினம் ஐந்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். 200 வாட் என்றால் 60 யூனிட். நட்சத்திர லேபிள் ஒட்டிய டி.வி.யாக இருந்தால், வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அதிலேயே அச்சடித்திருப்பார்கள். வாங்கும் முன் அதை ஒரு தரம் படித்துவிடுங்கள்.

கடைசியாக, என் மனசில் நெடுநாளாக உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். ஹாலில் வைக்கும் பொருள் என்றால் லட்சம் ரூபாய்கூட ஒரே நாளில் முடிவாகிவிடுகிறது. சமையலறைக்கு என்று ஒரு நல்ல கிரைண்டர் கேட்டால், "இப்ப இதுக்கு என்ன அவசரம்?" என்று வருஷக்கணக்கில் தள்ளிப் போகிறது. எங்கள் ஊர் அணையில் மழைக்காலத்தில் தென்பெண்ணையில் தண்ணீர் வரும்போதெல்லாம் நுரை பொங்கி மலை மாதிரி நிற்பதைப் பேப்பரில் படத்தோடு பார்த்திருப்பீர்கள். குடிக்கிற தண்ணீரைக் கேனில் விலைக்கு வாங்கிக்கொண்டே, கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரிய ஒரு லட்சம் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நோட்டைப் பார்த்ததும் என் கணவர் ஒன்றும் பேசவில்லை. ரெண்டு நாள் கழித்து, "ஐம்பது இஞ்சே போதும்" என்றார். 39,000 ரூபாய்க்கு அதை வாங்கினோம். மிச்ச ஒரு லட்சத்தில் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிக்குப் போக மீதியை, அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போகும் மகள் பேரில் வங்கியில் போட்டிருக்கிறோம். மகனுக்குக் கொஞ்சம் முகவாட்டம்தான். ஆனால் கணக்கு அவனுக்கும் புரிந்தது.

சகோதரிகளே, டி.வி. வேண்டாம் என்று சண்டை போட்டு வீட்டில் மனஸ்தாபம் வளர்க்க வேண்டாம். பதினைந்து நாள் எழுதி வையுங்கள். கடையில் மயில் வீடியோவை நிறுத்தச் சொல்லி, நீங்கள் பார்க்கும் சேனலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுத் தூரத்தில் நின்று பாருங்கள். திரை மாற்ற எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டில் அதிக நேரம் அதைப் பார்ப்பது நாம். மாதக் கடைசியில் இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்துவதும் நாம். அந்தப் பெட்டிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

- ஒரு வாசகி, கெலவரப்பள்ளி