இழுவை வாள் எவருக்குத் தேவை?

வீட்டோடு ஒரு தச்சுப்பட்டறை போட எண்ணும் குடும்பங்கள் இப்பொழுது முதலில் கேட்பது 'சிலைடிங் கொம்பவுண்ட் மைற்றர் சோ' எனப்படும் இழுவை வாளையே. போகத்துக்கும் போகத்துக்கும் இடையில் கையில் ஒரு தொழில் இருப்பது நல்லது. அதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடன்பட்டு வாங்குபவர், மேலதிக விலை எதற்காக என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

சாதாரண மைற்றர் வாளின் தலை மேலிருந்து கீழே மட்டும் இறங்கும். இழுவை வாளின் தலையோ உருக்குக் குழாய்களில் முன்னும் பின்னும் ஓடும். பத்து அங்குல பிளேட் பூட்டிய சாதாரண வாள் ஏறத்தாழ ஐந்தரை அங்குல அகலப் பலகையை வெட்டும். இழுவை வாள் 12 அங்குலம் வரை வெட்டும். வித்தியாசம் அவ்வளவே. சரிவாகவும் கோணமாகவும் வெட்டுவது பெரும்பாலும் இரண்டிலும் உண்டு. பலகையை நெடுக்காகக் கிழிப்பது இரண்டிலும் முடியாது, முயல்வதும் ஆபத்து.

கதவு நிலை, யன்னல் சட்டம், கைமரம், சலாகை ஆகியவற்றுக்கு ஐந்து அங்குலத்துக்கு மேல் பெரும்பாலும் வேண்டியதில்லை. அலுமாரியும் மேசையும் படிக்கட்டும் செய்து விற்பவருக்கே இழுவை பயன்படும். 'பெரிதாக வாங்கினால் எல்லாம் செய்யலாம்' என்பார்கள். தவணையையும் பெரிதாகவே கட்ட வேண்டும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

வாங்குவதானால் கடையிலேயே சோதியுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, தலையை முழுதாக வெளியே இழுத்து, கைப்பிடியைப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் வெட்டு நேராக வராது. பின்னர் இரு ஓரமும் சமாந்தரமாகச் சீவிய அகலப் பலகையொன்றைக் குறுக்கே வெட்டச் சொல்லி, ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் ஒரு நேர்சட்டத்தில் அணைத்து வெட்டுமுகங்களைச் சேருங்கள். இடைவெளி தெரிந்தால், அது பிழையின் இருமடங்கு. கோணப் பிழையை ஆணி முடுக்கித் திருத்தலாம். குழாயின் ஆட்டத்தை வீட்டில் திருத்த முடியாது. அந்த வாளை விட்டுவிடுங்கள்.

1500 முதல் 1800 வாற்று இழுக்கும் மோட்டரை 5 அம்பியர் பிளக்கில் கொழுவக் கூடாது. 13 அம்பியர் வேண்டும். மெல்லிய நீள வயரில் ஓட்டினால் மோட்டர் சூடாகும். சிறிய 1 கே.வி.ஏ. ஜெனரேற்றர் இதற்குக் காணாது.

எமது பிரதேசங்களுக்கென்று வேறொரு சிக்கலும் உண்டு. போர் 2009 இல் முடிந்தது. ஆனால் பனையிலும் மாவிலும் வேம்பிலும் புதைந்த ஷெல் துண்டுகள் மரத்தோடு மரமாக இருக்கின்றன. இடிந்த வீடுகளில் கழற்றிய தீராந்திகளில் ஆணிகள். வேகமாகச் சுழலும் பிளேட்டின் காபைட் பல் இரும்பில் பட்டால் உடைந்து தெறிக்கும், கண் போகலாம். காந்தத்தால் தடவிப் பாருங்கள். ஆழத்தில் இருப்பதைக் காந்தம் காட்டாது. இரும்பைச் சுற்றி மரம் பெரும்பாலும் கறுத்திருக்கும், அதையும் கவனியுங்கள். சந்தேகமான மரத்துக்குக் கைவாளே நல்லது. கண்ணாடி எப்போதும் கட்டாயம்.

அகலப் பலகையை வெட்டும்போது தலையை முதலில் தன் பக்கம் இழுத்து, கீழே இறக்கி, பின்பு அப்பால் தள்ள வேண்டும். தன் பக்கம் இழுத்தபடி வெட்டினால் பிளேட் மரத்தின்மேல் ஏறி ஆளை நோக்கிப் பாயும். விற்பவர் இதைச் செய்து காட்டும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் வகைப்படுத்தியது. பிள்ளைகள் படிக்கும் விறாந்தையில் இதைப் பூட்டுவதை நாம் ஏற்கமாட்டோம். வளவில் தனிக் கொட்டில் போடுங்கள். குழாய்கள் பின்னால் நீளும் இடத்தையும் விட்டே மேசை அமையுங்கள்.

கடன் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசியாகச் செய்த ஐந்து வேலைகளில் வெட்டிய பலகைகளின் அகலத்தை விண்ணப்பதாரரிடம் கேட்டு எழுதுங்கள். ஐந்தரை அங்குலத்தைத் தாண்டாவிட்டால் சாதாரண வாளுக்கே கடன் கொடுங்கள். மிஞ்சும் பணத்தில் 60 பல் பிளேட் ஒன்றும், கண்ணாடியும், முகமூடியும், 13 அம்பியர் பிளக்கும் வாங்கலாம்.