விதைப் பொட்டலம் மட்டும் போதாது

2022 நெருக்கடியில் வீட்டுத்தோட்டத்துக்கென விதைப் பொட்டலங்கள் நம் லயங்களுக்கும் வந்தன. வேலை முடிந்து வந்து கொத்தினோம், நட்டோம். போஞ்சி நன்றாகவே காய்த்தது. அடுத்த போகத்தில் தோட்ட நிர்வாகம் நிலத்தைத் திருப்பிக் கேட்டது. திட்டம் அத்தோடு முடிந்தது. குறை மண்ணிலும் இல்லை, நம் உழைப்பிலும் இல்லை. நிலத்துக்கு நம் கையில் ஒரு துண்டுக் கடிதமும் இல்லை.

1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது. உழைப்பு மட்டும் நம்முடையது. பிரதேச சபைகள் தோட்டங்களில் வேலை செய்ய இருந்த சட்டத் தடையும் 2018இல்தான் நீங்கியது.

தோழர்களே, அடுத்த திட்டம் வரும்போது விதைக்குக் கை நீட்டுமுன் மூன்றைக் கேட்போம்: நிலத்துக்கு நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி, தண்ணீருக்குப் பிரதேச சபையின் பொறுப்பு, கணக்குப் பார்க்கும் குழுவில் பெண்களுக்கு இடம். இவை கிடைத்தால்தான் நம் பிள்ளைகளின் தட்டில் மரக்கறி நிலைக்கும்.