யாருடைய தோல்?

கணினி வரைகலை ஆய்வுரைகளில் 'மனிதத் தோல்' என்று திரையில் ஒரு முகம் வரும். பெரும்பாலும் அது வெள்ளை முகம். பேச்சாளர் அதை 'வெள்ளைத் தோல்' என்று சொல்வதில்லை. வெறும் 'தோல்' என்பார். கறுப்பு முகம் வந்தால் மட்டும் அடைமொழி சேர்ந்துவிடும்.

இது வெறும் சொல் பிரச்சினை அல்ல. 2001இல் ஹென்ரிக் வான் யென்சனும் வேறு மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒளி ஒரு பொருளுக்குள் நுழைந்து, உள்ளே சிதறி, வேறோர் இடத்தில் வெளிவருவதை எளிதாகக் கணக்கிட அது வழி சொன்னது. பளிங்கு, பால், தோல் ஆகியவை அதன் எடுத்துக்காட்டுகள். 2004இல் ஆஸ்கர் குழுவின் தொழில்நுட்ப விருதும் இந்தப் பணிக்குக் கிடைத்தது. சிறந்த ஆய்வுதான். ஆனால் உள்ளிருந்து கசியும் அந்த ஒளி வெளிர் தோலில்தான் எடுப்பாகத் தெரியும். மெலனின் மிகுந்த தோல் உள்ளே போகும் ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். அங்கே கண்ணில் படுவது மேற்பரப்பின் பளபளப்பு.

பிக்சாரில் ஆய்வாளராக இருந்து யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரான தியோடர் கிம், 2020இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: 'மனிதர்' என்ற பெயரில் இந்தத் துறை ஆராய்ந்தது வெள்ளையரின் தோலையும் முடியையும்தான். விமர்சித்ததோடு அவர் நிற்கவில்லை. இறுகச் சுருண்ட முடியின் வடிவியல் பற்றி அவரது குழுவினர் ஏ.எம். டார்க்குடன் சேர்ந்து 2024இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

நமக்கு இந்த வித்தை புதிதா என்ன? 'பொதுப் பிரிவு' மாணவர் வெறும் மாணவர். நாம் 'கோட்டா மாணவர்'. நிறமும் சாதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒரு சாராரை அளவுகோலாக்கி, மற்றவரை விதிவிலக்காக்கும் வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

'கணிதத்துக்கு ஏது சாதி?' என்று ஓர் ஆய்வரங்கில் என்னிடம் கேட்டார்கள். சமன்பாட்டுக்குச் சாதி இல்லைதான். எந்தச் சமன்பாட்டை எழுதுவது, எந்த முகத்தில் அதைச் சோதிப்பது என்று முடிவெடுக்கும் அறைக்குச் சாதி உண்டு.

எனவே தோழர்களே, ஆய்வுரை முடிந்ததும் கை தூக்குங்கள். 'இது யாருடைய தோல்? வேறு எந்த முகங்களில் சோதித்தீர்கள்?' என்று கேளுங்கள். அரசியல் பேசாதே என்பார்கள். சில முகங்களில் மட்டும் சோதித்துவிட்டு 'மனித முகம்' என்று பெயர் வைப்பது அறிவியல் பிழை. அதைக் கேட்பது அறிவியல் கேள்வி.

அப்படிக் கேட்கும் மாணவர் அந்த அறைக்குள் இருக்கவும் வேண்டுமே! ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடங்களை 2006ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்கிறது. முனைவர் பட்ட ஆய்வு இடங்களிலும் அதை முழுமையாக நிரப்பக் கோருவதும், 'யாருடைய தோல்?' என்று கேட்பதும் ஒரே போராட்டம்தான்.