காரி வெறும் உவமை அல்ல

விலங்குப் படிமம் சோம்பேறி எழுத்தாளரின் குறுக்குவழி என்கிறார்கள். நரி என்றால் தந்திரம், சிங்கம் என்றால் வீரம், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பது வாதம். தேய்ந்துபோன உவமைகளுக்கு இது பொருந்தும். நல்ல புனைவுக்குப் பொருந்தாது.

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ குறுநாவலை எடுத்துக்கொள்ளுங்கள். காரி என்ற காளை எந்தக் குணத்துக்கும் முத்திரை அல்ல. மாடு பிடிக்க வந்த பிச்சிக்கு அது தன் அப்பன் அம்புலியைக் குத்திச் சாய்த்த மாடு. ஜமீன்தாருக்கோ அது தன் கௌரவம். பிச்சி அதை அடக்கிவிடுகிறான். பிறகு ஜமீன்தார் தன் காளையைத் தானே சுட்டுக் கொல்கிறார். அந்த மனிதரின் அகந்தை எத்தகையது என்று விளக்க ஆசிரியருக்கு ஒரு வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை. சாவது மாடு, நமக்குப் புலப்படுவது மனிதர்.

1937இல் வெளிவந்த ஜான் ஸ்டைன்பெக்கின் ‘எலிகளும் மனிதர்களும்’ நாவலிலும் இதே நுட்பம் உண்டு. பண்ணையாள் கேண்டியின் கிழட்டு நாயை வேறொருவன் கொண்டுபோய்ச் சுடுகிறான். நானே சுட்டிருக்க வேண்டும் என்று கேண்டி பின்னால் வருந்துகிறான். இறுதியில் தன் நண்பன் லென்னியை ஜார்ஜ் ஏன் தன் கையாலேயே சுட்டான் என்பது அந்த நாயின் சாவை மறக்காத வாசகருக்குத்தான் முழுதாக விளங்கும்.

விலங்கிடம் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தில் அவர் மறைத்து வைத்தது வெளிப்படுகிறது. இதைக் குறுக்குவழி என்பவர்கள் கதையைச் சரியாக வாசிக்கவில்லை.